விவாதப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பாடசாலை விவாதப் போட்டிகளுக்கு நடுவர்களாக அமரும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு நகரில் நடந்த ஒரு போட்டியைப் பின்வரிசையில் இருந்து பார்த்தேன். பேச்சுச் சுதந்திரம்தான் பொருள். 1996ஆம் ஆண்டு வானொலி வழக்கில் நமது உயர் நீதிமன்றம் தகவல் அறியும் உரிமையை ஏற்றுக்கொண்டது என்று ஒரு மாணவன் முழங்கினான். ஒரே கைதட்டல். எதிரணிப் பிள்ளை எழுந்து, "தீர்ப்பில் அப்படி இல்லை, சேர்" என்றாள். நடுவர் கையிலிருந்த போட்டிக் குறிப்பின் போட்டோக்கொப்பியைத் தூக்கிக் காட்டினார். "குறிப்பில் இருக்கிறது, மகள். இருங்கள்."

அவள் சொன்னதுதான் சரி.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றைத் திடீரென நிறுத்தியது. நேயர் ஒருவர் வழக்காடி வென்றார். எதனால் வென்றார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. வெறுமனே தகவல் பெறும் உரிமை, அரசியலமைப்பில் பேச்சுச் சுதந்திரத்தைத் தரும் 14(1)(அ) உறுப்புரைக்குள் அடங்காது என்றே நீதியரசர் மார்க் பெர்னாண்டோவின் தீர்ப்பு சொல்கிறது. அந்த நேயர் காதை மட்டும் கொடுத்துக்கொண்டிராமல் நிகழ்ச்சியில் பங்கேற்றவர். அதனால் அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டது என்றாயிற்று. தகவல் உரிமை 14அ என்று தனி உறுப்புரையானது 2015இல், 19ஆவது திருத்தத்தோடு. நேயர் வென்றதைப் பார்த்து யாரோ காரணத்தை ஊகித்து எழுதியிருக்கிறார். மற்றவர்கள் அவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு கோளாறு சொல்லிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கட்டுரையில் உயர் நீதிமன்றம் என்றால் அதற்கு மேலே உச்ச நீதிமன்றம் உண்டு. நமக்கோ உயர் நீதிமன்றத்துக்கு மேல் ஆகாயம்தான். சென்னைக் கட்டுரையை நம் குறிப்பில் அப்படியே இறக்கினால் தீர்ப்பின் எடையே மாறிவிடுகிறது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்துச் செய்ததை எல்லாக் குறிப்புகளும் பாடுகின்றன. இணையத்தளங்களை முடக்க வழிசெய்யும் 69ஏ பிரிவை அதே தீர்ப்பு செல்லும் என்றதை நான் கண்ட குறிப்பு எதுவும் சொல்லவில்லை.

தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, நீளமும் அதிகம், தெரியும். முழுவதையும் படிக்கச் சொல்லவில்லை. குறிப்பில் வழக்கின் பெயரையும் பக்கத்தையும் போடுங்கள். போடுமுன் அந்தப் பக்கத்தை ஒருவர் கண்ணால் பார்க்கட்டும். பிள்ளை மறுத்தால், புள்ளி அறிவிக்குமுன் தீர்ப்பை எடுத்துப் பாருங்கள்.

அந்த மாணவியின் பாடசாலைக்கு, அவள் சொன்னது சரி என்று இரண்டு வரி எழுதி அனுப்புவீர்களா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
கல்லடி