ட்ரோன் வேண்டாம், பைனாகுலர் போதும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். பொங்கலுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ட்ரோன் கொண்டுவந்து மேலேயிருந்து வீடியோ எடுக்கப்போவதாகச் சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய்.

போன வாரம் நானும் சித்தியும் மூலைக்கரைப்பட்டி வழியாக பஸ்ஸில் போய்வந்தோம். இந்த வருஷம் நல்ல மழை. மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரும் சேர்ந்து குளம் ததும்புகிறது. நாமக்கோழி, ஊசிவால் வாத்து, கூழைக்கடா எல்லாம் வந்தாயிற்று. பட்டைத்தலை வாத்துகள் பகல் முழுக்கக் குளத்தில் கிடக்கின்றன. மேய்ச்சலெல்லாம் பெரும்பாலும் இரவில், வயல்களில். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது. 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததைக்கூடக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது மஞ்சள்மூக்கு நாரைதான். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, தலையை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடக்கிறது. காலால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்புகிறது. கண்ணால் தேடுவதே இல்லை. மீன் அலகில் பட்டதும் டக்கென்று மூடிக்கொள்கிறது. கலங்கல் தண்ணீரிலும் அதன் வயிறு நிறைவது இப்படித்தான். கரையில் உட்கார்ந்து பார்த்ததால்தான் எனக்கு இது தெரிந்தது. மேலேயிருந்து எடுத்தால் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும், ஐயா.

இப்போது ஊருக்குள் மரங்களில் கூடு கட்டத் தொடங்கியிருக்கின்றன. வீட்டு முற்றத்து வேம்பில்கூடக் கூடு இருக்கிறது. கீழே எச்சம், மீன் கவிச்சி, ராத்திரியும் சத்தம். ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. எச்சம் கலந்த தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்ட ஊர் அது. 1994-இல் அரசு சரணாலயமாக அறிவித்தது, 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்பிருந்தே பறவையைக் காத்தவர்கள் அந்த ஜனங்கள். அவர்கள் தலைக்கு மேலே நாம் போய் இரைச்சல் போடலாமா?

நீ வரும்போது சில நாரைகள் அடைகாக்கத் தொடங்கியிருக்கலாம். ட்ரோன் இரைச்சலுக்குத் தாய்ப்பறவை எழுந்து பறந்தால், காக்கை அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கும். பொரித்த குஞ்சாக இருந்தால் வெயிலே கொன்றுவிடும். உச்சிவெயிலில் தாய் சிறகை விரித்து நின்றுதான் குஞ்சுக்கு நிழல் கொடுக்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோனைப் பறக்கவிடவும் கூடாது. அனுமதி கிடைத்தாலும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

பாப்பாவுக்குச் சின்னதாக ஒரு பைனாகுலர் வாங்கி வா. பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டை போட வேண்டாம் என்று மருமகளிடம் சொல். காணும் பொங்கலன்று கூட்டம் இருக்கும். அதற்கு அடுத்த நாள் விடியுமுன்னே கிளம்பிவிடுவோம். இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டி எடுத்துக்கொள்கிறேன். எந்த ரயிலில் டிக்கெட் போட்டிருக்கிறாய் என்று அப்பாவிடம் சொல், ஸ்டேஷனுக்கு வருவார்.

அன்புடன்,
அம்மா