கோவளம் ஞாயிறு வேன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மயிலாப்பூர் குளத்தருகே விடியற்காலையில் ஏறி எங்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) இருக்கிற கோவளம் போய்வருகிறவர்களுக்கு எங்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொஞ்ச நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. "கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கடலில் இறங்க விடமாட்டார்கள், முகத்துவாரத்துப் பக்கம் நிறுத்தச் சொன்னால் காதிலேயே வாங்கமாட்டார்கள், பத்து மணிக்கே கிளம்பு கிளம்பு என்பார்கள்" என்று. அனுப்பியவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவ்வளவு தூரம் போன குழந்தை முழங்காலுக்கு மேல் நனையாமல் திரும்பினால் பெற்றவர்களுக்கு மனசு கேட்காதுதான். ஆனாலும் காரணத்தைச் சொல்லாமல் குறையை மட்டும் பரப்பினால் புதிதாக வருகிறவர்களுக்கு எங்களைப் பற்றித் தப்பாகத்தான் படும். அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலில் இறங்கவே கூடாது என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. கோவளத்தில், தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் சர்வதேசச் சான்றான நீலக்கொடி பெற்ற கடற்கரைப் பகுதி இருக்கிறது. 2021-இல் புதுச்சேரி ஈடன் கடற்கரையோடு சேர்த்து இதற்கும் அந்தச் சான்று கிடைத்தது. குளிப்பதற்கு எல்லை குறித்த இடம், உயிர்காப்பாளர், உப்பு போகக் குளிக்க ஷவர், உடை மாற்றும் அறை எல்லாம் அங்கே உண்டு. அந்த எல்லைக்குள், உயிர்காப்பாளர் வந்து நின்ற பிறகு, சிவப்புக் கொடி இல்லாத நாளில் தாராளமாக இறங்கலாம். பெரியவர்கள் இடுப்பளவு, குழந்தைகள் கையைப் பிடித்தபடி முழங்காலளவு. இவ்வளவுதான் எங்கள் விதி.

முகத்துவாரம் வேறு சங்கதி. முட்டுக்காடு உப்பங்கழி கோவளத்துக்கு வடக்கே கடலில் சேருகிறது. பார்த்தால் குளம் மாதிரி அமைதியாக இருக்கும், ஆழமும் தெரியாது. ஓதம் வற்றும்போது, அதாவது கடல்மட்டம் இறங்கும்போது, கழித்தண்ணீர் முழுக்க அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும், அதனால் அங்கே இழுப்பு அதிகம். கோடையில் மணல் மூடி வாய் சிறுத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளிக்கரணைச் சதுப்பு, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகத் தென்சென்னை வெள்ளம் இறங்கி வரும்போது திறந்துகொள்ளும். போன மாதம் மணல்மேடாக இருந்த இடம் இந்த மாதம் பள்ளமாக இருக்கும். போன தடவை அங்கேதான் குளித்தோம் என்று யாராவது சொன்னால், அதை நம்பி எங்களால் வண்டியை நிறுத்த முடியாது.

எல்லைக்கு வெளியே மற்ற இடங்களும் அப்படித்தான். கரைக்கு இணையாக மணல்திட்டு ஒன்று தண்ணீருக்குள் கிடக்கும். அலை அதைத் தாண்டி வந்து கரைப்பக்கம் தண்ணீரைச் சேர்த்துவிடும். சேர்ந்த தண்ணீர் திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அந்த வழியாக வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது, அதனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அதுதான் கடலிலேயே சாதுவான இடமாகத் தெரியும். குழந்தைகளை இறக்க எல்லோரும் தேடிப்போவதும் அதைத்தான். அடையாளம் சொல்கிறோம்: இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் கருத்தோ மணல் கலங்கியோ இருக்கும், நுரை கரைக்கு வராமல் வெளியே போகும். அங்கே காலை வைக்காதீர்கள்.

அப்படியே இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. நல்ல நீச்சல்காரரும் களைத்துப்போவது அப்படித்தான். மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள். நீந்தத் தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைத் தாண்டிய பிறகு அலையோடு கரைக்கு வாருங்கள். கரையில் நிற்பவர்கள் காப்பாற்றப் பின்னாலேயே குதிக்க வேண்டாம். காலித் தண்ணீர் கேன், டியூப், கயிறு என்று மிதக்கிற எதையாவது எறியுங்கள். எங்கள் வண்டியில் மூடி இறுக்கிய 20 லிட்டர் காலி கேனும் கயிறும் எப்போதும் இருப்பது இதற்காகத்தான். புடவை, வேட்டி, துப்பட்டாவோடு இறங்காதீர்கள், நனைந்தால் காலைக் கட்டிவிடும். கைகோத்து வரிசையாக நிற்பதும் ஆபத்து. அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், ஒருவர் சாய்ந்தால் வரிசையே சாயும்.

காற்றே இல்லாத வெயில் நாளிலும் பேரலை வருவதுண்டு. தொலைக்கடலில் கிளம்பி வரும் அந்தக் கள்ளக்கடலுக்கு ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. சனிக்கிழமை இரவு அதைப் பார்த்துவிட்டுத்தான் குழுவில் செய்தி போடுகிறோம். எச்சரிக்கை இருந்தால் அந்த ஞாயிறு மணலோடு சரி. காணும் பொங்கலன்று போலீசாரே கடலில் இறங்க விடமாட்டார்கள், அன்றைக்கு நாங்கள் வண்டி எடுப்பதில்லை.

அடுத்து நேரம். மயிலாப்பூரில் 5.15, அடையாறு டெப்போ 5.30, திருவான்மியூர் 5.40. திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கிற இடங்களில் வண்டி ஊர்ந்துதான் போகும். ஏழு மணிக்கு மேல் கிளம்பினால் உத்தண்டி சுங்கச்சாவடிக்கு முன்பே வெயில் ஏறிவிடும். ஆறரைக்குக் கோவளத்தில் இருந்தால் படகுகள் மீன் இறக்குவதைப் பார்க்கலாம், மாதா கோயில், தர்கா பக்கம் ஒரு நடை போய்வரலாம், அதற்குள் உயிர்காப்பாளரும் வந்துவிடுவார். சித்திரை, வைகாசியில் பத்து மணி மணலில் வெறுங்காலோடு குழந்தை நிற்க முடியாது. கடற்காற்றும் நண்பகலுக்குப் பிறகுதான் ஏறும். பத்தேகாலுக்குக் கிளம்புவதற்கு இன்னொரு காரணம் முட்டுக்காட்டில் இருக்கிற தட்சிணசித்ரா அருங்காட்சியகம். பத்து மணிக்குத் திறக்கிறது. நான்கு மாநிலத்துப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள், திண்ணைகளில் நிழலுக்கும் குறைவில்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதால் அன்றைக்குத் தனி வண்டி கேட்கிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுகிறோம். அங்கே இரண்டு மணி நேரம் இருந்தாலும் ஒன்றரைக்கெல்லாம் திருவான்மியூர் வந்துவிடலாம். மாலைவரை இருந்து பாருங்கள், மாமல்லபுரம் கூட்டமும் சேர்ந்து ஈசிஆர் அடைத்துக்கொள்ளும். கேளம்பாக்கம் வழியாக ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பிடித்தால் அங்கே மெட்ரோ வேலை.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம் நல்லது. தயிர்சாதம் என்றால் பால் அதிகம், தயிர் கொஞ்சம் விட்டுப் பிசைந்து எடுத்து வாருங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் ஊசிப்போகும். கோடையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தட்டு, டம்ளர் எவர்சில்வராக இருக்கட்டும். கரையில் நீலநிறப் பூச்சி மாதிரி, கண்ணாடி மாதிரி எது ஒதுங்கியிருந்தாலும் குழந்தைகள் தொட வேண்டாம். சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்டால் மணல் போட்டுத் தேய்க்காமல் கடல்நீரால் மட்டும் கழுவுங்கள். மூச்சுத் திணறலோ வீக்கமோ இருந்தால் உடனே சொல்லுங்கள், வண்டி நேராக மருத்துவமனைக்குப் போகும்.

மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். அங்கேயே குடல் எடுத்துச் சுத்தம் செய்து, மீனுக்குச் சம எடை ஐஸ் போட்டுத் தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவந்தால் வண்டியில் வாடை வராது. பெட்டி எங்களிடமே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, சிறு படகு மீன்தான், விலை கூடுதலாகவே இருக்கும்.

எங்களிடம் பல காலம் ஓட்டிய மூத்த ஓட்டுநர் கம்பெனி பஸ் வேலைக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், வாழ்த்தி அனுப்பினோம். ஈசிஆரில் அவர் கைக்கு ஈடாக ஆள் கிடைக்கும்வரை ஞாயிறன்று ஒரே வண்டிதான், 17 இருக்கை. டீசல், சுங்கம், ஓட்டுநர் படி எல்லாம் ஏறியதால் அடுத்த மாதத்திலிருந்து ஆளுக்கு 850 ரூபாய் (இதுவரை 750), தட்சிணசித்ரா நுழைவுச்சீட்டு தனி.

அந்தச் செய்தி சுற்றியபோது, நாங்கள் கேட்காமலேயே குழுக்களில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கு மனமார்ந்த நன்றி. பாட்டியையும் பேரனையும் எங்களை நம்பித் தனியாக அனுப்பிவைக்கிற குடும்பங்கள் உண்டு. அந்த நம்பிக்கைக்காகத்தான் கடல் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறோம். இனி முன்பதிவின்போதே குளிக்கும் விதிகளைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கிறோம். படித்துவிட்டு, சரிப்பட்டால் மட்டும் பணம் கட்டுங்கள். இருக்கை குறைவு என்பதால் வியாழன் இரவுக்குள் சொல்லிவிடுங்கள், குழந்தைகளின் வயதையும் சேர்த்து.

இப்படிக்கு,
வேன் சர்வீஸ் உரிமையாளர்,
மயிலாப்பூர்