ரஷ்யப் பேரரசுப் பணத்தாள்களின் விலை குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் கடையின் கண்ணாடிப் பேழையில் ஜார் காலத்து ஒரு ரூபிள் தாள்கள் இரண்டு அருகருகே இருக்கின்றன. இரண்டிலும் 1898 என்ற ஆண்டே அச்சாகியிருக்கிறது. படமும் அளவும் ஒன்றே. ஆயினும் ஒன்றின் விலை மற்றொன்றின் விலையைவிடப் பல மடங்கு அதிகம். இதற்கு என்ன காரணம் என்று உங்களில் பலர் கேட்டிருப்பதால், விளக்கத்தை எழுத்திலேயே தருவது முறை என்று கருதி இம்மடலை அனுப்புகிறோம்.

இத்தாள்களில் காணப்படும் ஆண்டு அந்த வடிவமைப்புக்கு உரியதே தவிர, உங்கள் கையிலுள்ள தாள் அச்சான ஆண்டு அன்று. 1898 என்று பொறித்த ஒரு ரூபிள் தாள் 1917க்குப் பிறகும் அச்சாகிக்கொண்டிருந்தது. எனவே வயதை அறிய, அரசு வங்கியின் மேலாளராக இருந்தவரின் கையொப்பத்தைப் பார்க்க வேண்டும். 1903 வரை பிளெஸ்கே, அவருக்குப் பின் 1909 வரை திமாஷெவ், 1914 வரை கோன்ஷின், அதன் பிறகு ஷிபோவ் என்பதே வரிசை. பிளெஸ்கேயின் கையொப்பம் உள்ள தாள்கள் புழக்கத்தில் தேய்ந்து, திரும்பப் பெறப்பட்டு, இன்று குறைவாகவே கிடைக்கின்றன. ஷிபோவின் பெயரைத் தாங்கியவையோ முதல் உலகப் போரின் செலவுக்காக மலைபோல் அச்சிடப்பட்டவை. மேலாளரின் கையொப்பத்தோடு காசாளர் ஒருவரின் கையொப்பமும் இருக்கும். காசாளர் வாரியாகவே சேர்ப்பவர்களும் உண்டு என்பதால், அதையும் இனி உறையின் மீது குறிப்பிடுவோம்.

ஒரே எண்ணுள்ள இரண்டு தாள்களைக் கண்டு, அவை போலியோ என்று ஐயுற்றுத் திரும்பக் கொண்டுவந்தவர்களுக்கும் ஒரு விளக்கம் தர வேண்டியுள்ளது. தொடக்கத்தில் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியே ஆறு இலக்க எண் இடப்பட்டது. போர்க்காலத்தில் பண அச்சடிப்பு பெருகியபோது, ஒரு ரூபிள், ஐந்து ரூபிள் போன்ற சிறு மதிப்புத் தாள்களில் இரண்டு எழுத்துகளும் மூன்று இலக்கங்களும் கொண்ட தொகுதி எண்ணை மட்டும் இட்டார்கள். அத்தொகுதியில் அடங்கிய தாள்கள் அனைத்திலும் அதே எண்தான் இருக்கும். ஜார் பதவி இழந்த பின் இடைக்கால அரசும், அதன் பின் சோவியத் அரசும் பழைய தகடுகளைக் கொண்டே இவற்றைத் தொடர்ந்து அச்சிட்டன. ஆகவே பேரரசின் இருதலைக் கழுகு உள்ள ஒரு தாள் போல்ஷெவிக் ஆட்சியில் அச்சானதாகவும் இருக்கலாம். எங்கள் பார்வையில் இவையும் அக்காலத்தின் முறையான சான்றுகளே. மலிவாகக் கிடைப்பதால் தொடக்க நிலைச் சேகரிப்பாளர்களுக்கு இவற்றையே முதலில் பரிந்துரைக்கிறோம்.

தாளின் மீதுள்ள வாசகத்தையும் படித்துப் பாருங்கள். 1897இல் நிதியமைச்சர் விட்டே தங்க அடிப்படையை நிலைநாட்டியதைத் தொடர்ந்து, எத்தொகையானாலும் வரம்பின்றித் தங்க நாணயமாக மாற்றித் தரப்படும் என்ற உறுதிமொழி இத்தாள்களில் அச்சிடப்பட்டது. ஒரு ரூபிளுக்கு 0.774 கிராம் தூய தங்கம் என்பது கணக்கு. 1914இல் போர் மூண்டதும் அந்த மாற்று வசதி நிறுத்தப்பட்டது. தாளின் மீதிருந்த வாசகம் மட்டும் மாறவில்லை.

இத்தாள்களை இன்று எந்த வங்கியிலாவது மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்பதே எங்கள் திட்டமான பதில். 1922இல் 10,000 பழைய ரூபிள் ஒரு ரூபிள் ஆனது. 1923இல் அதில் 100, ஒன்றானது. 1924இல் அதிலும் 50,000, ஒன்றானது. மூன்றையும் பெருக்கினால் 5,000 கோடி பழைய ரூபிளுக்கு ஒரு புதிய ரூபிள். இன்று இவற்றுக்கு உள்ள விலை முழுவதும் சேகரிப்பாளர்கள் தரும் விலையே. விரைவில் இரட்டிப்பாகும் என்று சொல்லி எவரேனும் விற்க முன்வந்தால் வாங்க வேண்டாம்.

இரண்டாம் கேத்தரின் படமுள்ள 1910ஆம் ஆண்டு 100 ரூபிள், மகா பீட்டர் படமுள்ள 1912ஆம் ஆண்டு 500 ரூபிள் ஆகிய இரண்டும் 25 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமானவை. மடிக்காமல் எவரும் சட்டைப் பையில் வைத்திருக்க முடியாது என்பதால், மடிப்பே இல்லாத தாளுக்குக் கூடுதல் விலை கேட்கிறோம். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தந்த ஆட்சியாளரின் முகம் நீர்க்குறியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தயங்காமல் எங்களிடம் கேளுங்கள்.

அஞ்சல்தலை வடிவில் உள்ள சிறு அட்டைகளைப் பசை போன தலைகள் என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். வெள்ளிச் சில்லறை மறைந்துபோனதால், ரோமானோவ் வம்சத்தின் முந்நூறாம் ஆண்டுக்காக 1913இல் வெளியான தலைகளின் வடிவத்தைத் தடித்த தாளில் அச்சிட்டு 1915இல் பணமாகவே வெளியிட்டார்கள். வெள்ளிச் சில்லறைக்கு இணையாகச் செல்லும் என்ற வாசகம் பின்புறத்தில் இருக்கும். இடைக்கால அரசின் தலைவராக இருந்த கெரென்ஸ்கியின் பெயரால் கெரென்ஸ்கி தாள்கள் எனப்படும் 20, 40 ரூபிள் தாள்களில் ஆண்டோ எண்ணோ கையொப்பமோ கிடையாது. அவை அச்சானபோதே அப்படித்தான் அச்சாயின.

வாங்கிய தாளைத் தேய்ப்புப்பெட்டியால் நேராக்குவதும், கிழிசலை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும், லேமினேஷன் செய்வதும் அதன் மதிப்பை மீளாதவாறு அழித்துவிடும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறோம்.

முன்னரே எங்களிடம் வாங்கியவர்கள் தங்கள் தாள்களைக் கொண்டுவந்தால், கையொப்பங்களையும் தொகுதி எண்ணையும் பார்த்து உறையில் கட்டணமின்றி எழுதித் தருவோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்