ஜாம் போத்தல் விளக்குப் பெருமை

அன்பின் மச்சான்,

சுகம்தானே? முழங்காலுக்கு ஊசி போட்டது சரிவந்ததா? இங்கே மாரி தொடங்கி ஒழுங்கையெல்லாம் வெள்ளம். மற்றப்படி குறையில்லை.

யாழ்ப்பாணத்துப் பொடியள் கூட்டமாக வாளோடு போய் ஆளை வெட்டுகிற, நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். "நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில படிச்சு ஆளானனாங்கள், கரண்டும் போனும் இருக்கிற இந்தப் பொடியளுக்கு என்ன குறை?" என்று கீழே எழுதியிருந்தாய். போனில் கதைத்தால் சண்டையில் முடியும், அதுதான் கடிதம்.

போர்க்காலத்தில் கரண்ட் இல்லாமல் விளக்கில் படித்தது உண்மை. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், அவ்வளவுதான். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி, டைனமோ கரண்டில் ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டோம். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, மழைக்குள் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பக்கம் நகர்ந்தோம். பிறகு தென்மராட்சியில் யாரோவுடைய பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்பு.

ஆனால் இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் யார்? தப்பிப் பிழைத்து, சோதினையும் பாஸ் பண்ணிய நீயும் நானும். பின்வாங்கிலிருந்து எழும்பிப் புலிகள் இயக்கத்துக்குப் போய்ச் செத்தவர்கள் சொல்ல வரமாட்டார்கள். அதே வருடம் செப்டெம்பரில் நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் விமானக் குண்டுக்குச் செத்த பிள்ளைகளும் வரமாட்டார்கள். பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தப் போரும் நல்ல வாத்தியாராகத்தான் தெரியும்.

என்னிடம் ரியூஷனுக்கு வரும் ஒரு பொடியன் 2010-இல் பிறந்தவன். ஒரு செல் (எறிகணை) விழுந்து கேட்டதில்லை. தகப்பன் 2009 கடைசிப் போரில் முள்ளிவாய்க்காலால் வந்து செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தவர். ஒருநாள் கொம்பாஸ் பெட்டியைத் தேடிப் புத்தகப் பையைக் கொட்டினான். அதற்குள் சொப்பிங் பையில் சுற்றி, ரப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டு: பிறப்புச் சான்றிதழ், தாயின் அடையாள அட்டைப் பிரதி, குடும்பப் படம் ஒன்று. "எங்க போனாலும் கொண்டு போகச் சொல்லி அப்பா சொன்னவர், சேர்." முழங்கையில் இருந்த தழும்பைக் கேட்டேன். "குடிச்சால் மட்டும்தான் அடிப்பார்" என்று தகப்பனுக்காகப் பரிந்து பேசினான்.

இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. வடக்கு கிழக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. போரை எவ்வளவுக்குப் பட்டார்களோ, தகப்பன் எவ்வளவுக்குக் குடித்தாரோ, அவ்வளவுக்கு வீட்டிலும் பிள்ளைக்கு அடி விழுந்ததாக அதில் கண்டார்கள். போர் தனி ஆளின் மனதோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கும் என்று மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் எத்தனை காலமாக எழுதுகிறார்! சூடானில் 2023-இல் தொடங்கிய சண்டையைச் செய்தியில் பார்க்கும்போது, அந்தப் பிள்ளைகளுக்கு இனிப் பிறக்கப் போகும் பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

வாளைத் தூக்குகிறவனை நான் நியாயப்படுத்தவில்லை. வெட்டு வாங்கியவனும் ஒரு தாயின் பிள்ளைதான். ஐஸ் போதைப்பொருள் விற்கிறவனைப் பிடித்து உள்ளே போடட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனால் "என்ன குறை" என்று கேட்காதே. எங்களுக்கு அடித்தவன் வெளியே இருந்தான், வீட்டுக்குள் அம்மாவின் மடி இருந்தது. இவர்களில் எத்தனையோ பேருக்கு அடியே வீட்டுக்குள்தான்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். உங்கள் பழைய மாணவர் சங்கம் பள்ளிக்கூட வாசலுக்குப் புது வளைவு கட்டக் காசு சேர்க்கிறதாகக் கேள்விப்பட்டேன். இருக்கிற வளைவுக்கு ஒரு கேடும் இல்லை. அந்தக் காசில் உளவளத்துணை தெரிந்த ஒருவரை முழு நேரமாக வைத்தால் இரண்டு வருடச் சம்பளமாவது தேறும். கூட்டத்தில் நீ எழும்பிச் சொன்னால் கேட்பார்கள், உனக்குத்தான் குரல் பெரிது. அதிபரோடு நான் கதைத்துவிட்டேன், அறை தருவாராம். கூட்டம் எப்போது என்று எழுது.

மனுசிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் மச்சான்