தோட்டக் குளத்துக்குச் சரிவுக் கரை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வீட்டுத் தோட்டத்தில் குளம் அமைப்பது பற்றி வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் அதில் சொல்லியிருப்பதுபோல நான்கு பக்கமும் நேர்ச்சுவர் எழுப்பிப் பூசிய சிமென்ட் தொட்டி, உயிர்களுக்கு ஆபத்தானது. தண்ணீர் குடிக்க இறங்கும் அணில் ஏற முடியாமல் செத்து மிதக்கும். தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து, அது நிலத்துக்கு வரும் நாளில் பற்றி ஏற இடமில்லாமல் மூழ்கிப்போகும். தவளைக்கும் தட்டானுக்கும் குருவிக்குமாகக் குளம் வெட்டுகிறவர்கள் ஆழத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கரையை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

10 அடிக்கு 7 அடி இடம் போதும். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் விழட்டும். ஆல், அரசு வகை மரங்களின் பக்கம் வேண்டாம், குழியில் தண்ணீர் நிற்க விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை வேர் குத்தும். நீளவாட்டில் ஒரு முனையைச் சரிவாக, 4 அடி தூரத்தில் 1 அடி ஆழம் இறங்கும்படி வெட்டுங்கள். மற்ற மூன்று பக்கமும் அரை அடி ஆழத்தில் ஒரு அடி அகலப் படி விட்டு, நடுவில் 2 அடி ஆழம். சரிவின் அடியில் 3 அங்குல உயரத்துக்கு மண்ணாலேயே ஒரு வரப்பு நிறுத்துங்கள். பின்னால் சரிவில் பரப்பும் கூழாங்கல் உருண்டு குழிக்குள் போகாமல் இந்த வரப்புதான் தாங்கும்.

கரையின் மட்டத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய குழாயான டியூப் லெவலால் சுற்றிலும் பாருங்கள். ஒரு பக்கம் 2 அங்குலம் தாழ்ந்தாலும் தண்ணீர் அங்கேயே வழிந்து ஓட, எதிர்க்கரையில் ஷீட் வெயிலில் காயும். சில கோடைகளிலேயே அது வெடித்துவிடும்.

ஷீட்டின் அளவுக்குக் கணக்கு எளிது: நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கும், ஓரத்துக்கு 2 அடியும் கூட்ட வேண்டும். அகலத்துக்கும் அப்படியே. இந்தக் குளத்துக்கு 16 அடிக்கு 13 அடி வரும். நீலத் தார்ப்பாய் நிற்காது; பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் (அரை மி.மீ.) தடிமனுள்ள எச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட் வாங்குங்கள். விறைப்பாக இருக்கும், உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் விரித்துப் போட்டால் இளகி மடியும். அடியில் சலித்த மணல் 2 அங்குலம். சரிவில் மணல் நிற்காது என்பதால் அங்கே பழைய சாக்கை இரண்டு மூன்று அடுக்காகப் போடலாம். விரித்தபின் சரிவின்மேல் தென்னைநார் விரிப்பு, அதன்மேல் பெருமணலும் கூழாங்கல்லும். வெறும் ஷீட்டில் அணிலின் கால் வழுக்கும்.

இனி, அதிகம் பேர் ஏமாறும் இடம். குளம் நிரம்பி ஒரு வாரத்தில் தண்ணீர் மளமளவென்று இறங்கும். ஓட்டை என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துப் போடுவார்கள். பெரும்பாலும் ஓட்டை இருக்காது. ஷீட்டின் ஓரத்தை மண்ணுக்குள் மடக்கி, மேலே புல் பதித்திருப்பார்கள். அந்த மண், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலக் குளத்து நீரை இழுத்துத் தோட்டத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஓரத்தைக் கல்லுக்குப் பின்னால் செங்குத்தாக மேலே நிறுத்தி, நீர்மட்டத்துக்கு மேல் 2 அங்குலம் தெரியவிட்டால் இந்தக் கசிவு நிற்கும். சந்தேகம் தீர ஒரு சோதனை: படியில் ஒரு வாளியை வைத்து, குளத்து மட்டத்துக்கே அதிலும் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. மே மாதத்தில் இந்த அளவுக் குளம் நாளுக்கு 40 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட மூன்று குடம் இழக்கும். குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் ஓரத்தைப் பாருங்கள், ஓட்டையைக் கடைசியில் தேடுங்கள்.

குளம் சுமார் 2000 லிட்டர் கொள்ளும். 1000 சதுர அடி மொட்டை மாடியில் 25 மி.மீ. மழை பெய்தால் சேதாரம் போக அந்தத் தண்ணீர் கிடைத்துவிடும். எனவே ஆவணியில் வெட்டி ஐப்பசி மழையில் நிரப்புவது நல்லது. குழாய்த் தண்ணீர்தான் என்றால் இரண்டு நாள் குளோரின் போக நிற்கட்டும். நிலத்தடி நீர் மேலே உள்ள கடலோர ஊர்களில் காலிக் குளத்தை மழைக்கு விட்டுவைக்க வேண்டாம். அடியில் ஊறும் நீர் ஷீட்டை உப்பித் தூக்கிவிடும்.

கொசுவுக்குக் கப்பி மீன் விடச் சொல்கிறது கட்டுரை. இதைத்தான் நான் அழுத்தமாக மறுக்கிறேன். கப்பியும், 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா என்ற கொசு மீனும் தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் சேர்த்தே தின்னும். கொசுப்புழுவைத் தின்னத் தட்டான் குஞ்சும் நீர்ப்பூச்சிகளும் தானாக வரும். ஆனால் அவை குடியேற முதல் சில வாரங்கள் ஆகும், கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். இந்த இடைவெளியில் வாரம் ஒருமுறை வெள்ளைக் கிண்ணத்தால் ஓரத்தில் மொண்டு பாருங்கள். புழு நெளிந்தால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தை அளவோடு போடுங்கள்; தலைப்பிரட்டைக்கும் தட்டான் குஞ்சுக்கும் அதனால் கெடுதல் இல்லை. மண்ணெண்ணெய் கூடவே கூடாது.

செடிகளில் நீருக்குள் ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா; நடுவில் அகன்ற சட்டியில் ஒரு அல்லி; படியில் நீர்ப்பிரம்மி, ஆரைக்கீரை, வல்லாரை. சட்டிக்கு வெறும் களிமண்தான், சாணி எரு போட்டால் குளம் பச்சைக் குழம்பாகும். புதுக் குளம் முதல் மாதம் எப்படியும் பச்சையாகத்தான் இருக்கும். தண்ணீரை மாற்றினால் பாசிக்குப் புதுச் சத்தைக் கொடுத்ததாகிவிடும், பொறுத்திருங்கள். வெங்காயத்தாமரை வேண்டவே வேண்டாம்.

தவளை வந்தால் பாம்பும் வரும், அதை மறைக்கக் கூடாது. வாசலிலிருந்து 15 அடியாவது தள்ளி வெட்டுங்கள், வீட்டோரம் கல் குவிக்காதீர்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் சுற்றிலும் 3 அடி வேலி கட்டாயம்.

மழை தொடங்கியதும் தேரை, கருமணி கோத்த சரம்போல முட்டையிட்டுச் செடியில் சுற்றியிருக்கும். நீருக்கு மேலே இலையிலோ கல்லிலோ சோப்பு நுரைபோல வெள்ளையாக ஒட்டியிருப்பது மரத்தவளையின் கூடு. அதை அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள். சில நாளில் அதிலிருந்து தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகக் குளத்தில் விழும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செங்கல்பட்டு