டிஸ்னி செய்தியைப் பங்கு விலையோடு முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அபுதாபியில் டிஸ்னி பார்க் வரப்போகிறது என்று 2025 மே மாதம் அறிவிப்பு வந்ததில் இருந்து, கல்ஃபில் ஆள் இருக்கிற குமரி மாவட்டத்து வீடுகளில் (ஆள் இல்லாத வீடு எது?) பிள்ளைகளுக்கு அதே பேச்சுதான். எப்போ திறப்பாங்க, எங்களைக் கூட்டிட்டுப் போவீங்களா என்று போனில் அப்பாவைக் குடைந்தெடுக்கிறார்கள். நான் மார்த்தாண்டத்தில் பள்ளிக்கூடப் பை, டிபன் பாக்ஸ், நோட்டு, பென்சில் விற்கிற கடை வைத்திருக்கிறேன். அதனால் இந்தக் கம்பெனி எடுக்கிற படங்களில் எது பிள்ளைகள் மனதில் நிற்கிறது, எது நிற்பதில்லை என்பது ஒவ்வொரு ஜூன் மாதமும் என் கடை வாசலிலேயே தெரிந்துவிடும். என் வருத்தம் உங்கள் பத்திரிகை மேல்தான். பங்கு விலை ஏறினால் வணிகப் பக்கத்தில் நாலு வரி, புதுப் படம் வந்தால் சினிமாப் பக்கத்தில் ஒரு விமர்சனம், அதோடு டிஸ்னியை விட்டுவிடுகிறீர்கள். மேலே உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் எடுத்த முடிவு பத்து இருபது வருடம் கழித்து ஒரு பார்க்கையும் ஒரு படத்தையும் என்ன செய்கிறது என்பதை யாராவது எழுத வேண்டாமா?

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1989-இல் ஃபுளோரிடாவில் டிஸ்னி-எம்ஜிஎம் ஸ்டூடியோஸ் என்ற பார்க்கைத் திறந்தபோது, அதற்கு உள்ளேயே ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவும் வைத்தார்கள். டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், அந்தப் பக்கம் ஓவியர்கள் மேசையில் குனிந்து ஒரு தாள் மேல் இன்னொரு தாளை வைத்து, புரட்டிப் புரட்டி, கை அசைவு சரியாக வருகிறதா என்று பார்த்து வரைந்துகொண்டிருப்பார்கள். படம் எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரு குழந்தை நேரில் பார்க்கிற இடம் அது. மூலான் (1998), லிலோ அண்ட் ஸ்டிச் (2002), பிரதர் பேர் (2003) எல்லாம் அங்கே வரைந்தவை. லிலோ அண்ட் ஸ்டிச்சுக்கு ஆன செலவு சுமார் 8 கோடி டாலர், வசூல் 27 கோடிக்கு மேல். அப்படி இருந்தும், இனிமேல் கையால் வரைகிற படங்களுக்குக் காலம் இல்லை, கம்ப்யூட்டர் படம்தான் ஓடும் என்று தலைமை முடிவு கட்டி அந்த ஸ்டூடியோவை மூடப்போவதாக 2004 ஜனவரியில் அறிவித்தது. 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. படம் எடுக்கிற இடமும் போயிற்று, பார்க்கில் ஜனங்கள் நின்று பார்த்த அந்த உயிருள்ள காட்சியும் போயிற்று.

இப்போது என் கடைக்கு வாருங்கள். நீல நிறத்தில் பெரிய காதோடு தொங்குகிற பை எல்லாம் ஸ்டிச். எல்கேஜி பிள்ளைக்குக்கூட அதன் பெயர் தெரிகிறது. அதே கதையை நிஜ நடிகர்களை வைத்து 2025-இல் மறுபடி எடுத்தார்கள், வசூல் 100 கோடி டாலரைத் தாண்டியது. வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் வரைந்த பொம்மைதான் இருபது வருடம் கழித்தும் அந்தக் கம்பெனிக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது. இதை ஒரு பத்திரிகை எழுத வேண்டாமா ஐயா?

பார்க் விஷயத்திலும் இதேதான் நடந்திருக்கிறது. 2001-இல் டிஸ்னி பெயரில் இரண்டு பார்க்குகள் திறந்தன. ஒன்று கலிபோர்னியாவில், பழைய டிஸ்னிலேண்டின் கார் நிறுத்துமிடம் இருந்த இடத்தில். அந்தக் காலத்தில் தலைவர் மைக்கேல் ஐஸ்னர். பாரிஸில் 1992-இல் திறந்த பார்க் கடனில் மூழ்கி எழுந்த பயம் அவருக்கு, அதனால் இதற்குச் செலவைப் பிடித்துப் பிடித்துச் செய்தார்கள். சாதாரணப் பொருட்காட்சி ராட்டினங்கள், நிறையக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள். அதிலும் அந்தப் பார்க்கின் கருவே கலிபோர்னியா மாநிலம்தான். கலிபோர்னியாவுக்கு வந்தவர் வெளியே நிஜக் கலிபோர்னியா இருக்கும்போது காசு கொடுத்து உள்ளே போய் அதன் நகலை ஏன் பார்க்க வேண்டும்? கூட்டம் எதிர்பார்த்த அளவு வரவே இல்லை. கடைசியில் 2007-இல் 110 கோடி டாலர் ஒதுக்குகிறோம் என்று அறிவித்து, இடித்து, மாற்றி, கார்ஸ் படத்தின் ஊரை அப்படியே கட்டி 2012-இல்தான் அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். முதலிலேயே ஒழுங்காகச் செலவழித்திருந்தால் பதினொரு வருடம் ஜனங்கள் அரைகுறைப் பார்க்குக்கு முழு டிக்கெட் கொடுத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று டோக்கியோ டிஸ்னிசீ. அதே டிஸ்னியின் வடிவமைப்பாளர்கள்தான், ஆனால் பணம் போட்டது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானியக் கம்பெனி. டோக்கியோ பார்க்குகளுக்கு அவர்கள்தான் சொந்தக்காரர்கள், டிஸ்னிக்குப் போவது ராயல்டி. அவர்கள் கையைச் சுருக்கவில்லை. நடுவில் எரிமலை, அதைச் சுற்றிக் கடல், துறைமுகம் என்று கட்டினார்கள். உலகத்திலேயே அழகான பார்க் எது என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். 2024 ஜூனில் இன்னும் ஒரு பெரிய பகுதியைச் சேர்த்துத் திறந்தார்கள். ஒரே வருடம், ஒரே வடிவமைப்பாளர் கூட்டம், பணப்பையைப் பிடித்திருந்த கை மட்டும்தான் வேறு.

இனி வரிசைக்கு வருவோம், இது பற்றி எனக்குக் கோபமே உண்டு. 1999-இல் டிஸ்னி பார்க்குகளில் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். ஒரு சீட்டு எடுத்துக்கொண்டால் குறித்த நேரத்துக்கு வந்து சுருக்கமான வரிசையில் போகலாம், இலவசம். கோடீஸ்வரன் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே மாதிரி. கொரோனாவில் பார்க்குகளை மூடியபோது அது நின்றது, 2021 அக்டோபரில் ஃபுளோரிடாவில் அதே வசதி காசுக்கு வந்தது. கன்னியாகுமரி படகுத்துறையில் விவேகானந்தர் பாறைக்குப் போக சாதாரணச் சீட்டு, சிறப்புச் சீட்டு என்று இரண்டு உண்டே, அதை நினைத்துப் பாருங்கள். படகில் இடம் இவ்வளவுதான். சிறப்பு வரிசையில் ஒருவர் ஏறினால் வெயிலில் நிற்கிற சாதாரண வரிசை ஒரு ஆள் அளவுக்குப் பின்னால் போகும். டிஸ்னியின் ராட்டினத்துக்கும் கணக்கு அதேதான், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர் என்று ஓர் அளவு உண்டு. சின்ன வரிசைக்குக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டால் பெரிய வரிசையைக் குறைக்க வேண்டும் என்ற அவசரம் நிர்வாகத்துக்கு எங்கிருந்து வரும்? வரிசை நீண்டால்தானே அந்தச் சீட்டு விற்கும்?

அந்தக் காசு எதற்குப் போயிற்று என்று பார்த்தால் கதை சினிமாவுக்குத் திரும்புகிறது. 2019-இல் ஃபாக்ஸ் கம்பெனியின் பெரும் பகுதியை 7,130 கோடி டாலருக்கு வாங்கினார்கள், அதே ஆண்டு நவம்பரில் டிஸ்னி பிளஸ் என்ற ஓடிடியைத் தொடங்கினார்கள். 2022 நிதியாண்டில் ஓடிடி வியாபாரத்தில் மட்டும் சுமார் 400 கோடி டாலர் நஷ்டம். அதே ஆண்டு பார்க்குகளையும் பொம்மை, பை மாதிரிச் சரக்கையும் சேர்த்த பிரிவு காட்டிய லாபம் சுமார் 790 கோடி. வரிசையில் நின்ற குடும்பம் கொடுத்த காசுதான் ஓடிடி ஓட்டையை அடைத்திருக்கிறது என்று நான் சொன்னால் அது தப்பா?

சரி, அந்த ஓடிடியாவது படங்களுக்கு நல்லது செய்ததா? 2020 பிப்ரவரியில் தலைவரான பாப் சேபெக் அதே ஆண்டு அக்டோபரில் ஒரு மாற்றம் செய்தார். படம் எடுப்பவர்கள் எடுப்பார்கள், அது தியேட்டருக்கா ஓடிடிக்கா என்பதையும் வரவு செலவையும் முடிவு செய்வது வேறொரு பிரிவு. படைத்தவன் கையில் இருந்து படம் போய்விட்டது. டிஸ்னிக்குச் சொந்தமான அனிமேஷன் கம்பெனி பிக்ஸார் எடுத்த சோல், லூகா, டர்னிங் ரெட் மூன்றும் அமெரிக்காவில் தியேட்டரைப் பார்க்காமலே நேராக வீட்டுக்குப் போயின. முதல் படத்துக்குக் கொரோனாவைக் காரணம் சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். டர்னிங் ரெட் வந்தது 2022 மார்ச்சில், தியேட்டர்கள் திறந்து கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்த நேரம். அப்புறம் 2023-இல் எலிமெண்டல் தியேட்டருக்கு வந்தபோது முதல் வாரம் ஆளே இல்லை, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் பிறகு ஓடியது. எப்படியும் வீட்டுக்கே வந்துவிடும் என்று ஜனங்களை நாங்களே பழக்கிவிட்டோம் என்று பிக்ஸாரின் படைப்புத் தலைவர் பீட் டாக்டரே பேட்டியில் சொன்னார். சேபெக்கை 2022 நவம்பரில் அனுப்பிவிட்டு, பழைய தலைவர் பாப் ஐகர் திரும்பி வந்து முதலில் கலைத்தது அந்தத் தனிப் பிரிவைத்தான்.

என் கடையில் நான் பார்த்ததும் இதோடு ஒத்துப்போகிறது. 2019-இல் லயன் கிங் தமிழில் வந்தது. சித்தார்த், அரவிந்த் சாமி, ரோபோ சங்கர், சிங்கம்புலி குரலில் தியேட்டரில் பார்த்து, சிரித்துவிட்டு வந்த பிள்ளைகள் சிங்கம் போட்ட பைதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். ஃப்ரோசன் படத்து எல்சா போட்ட டிபன் பாக்ஸ் இன்றைக்கும் போகிறது. ஆனால் நேராகப் போனுக்கு வந்த அந்த மூன்று படத்தின் பொம்மையை ஒரு பிள்ளைகூட வந்து கேட்டதில்லை. அவை மோசமான படங்களும் இல்லை, சோல் பார்த்துவிட்டு நான் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தேன். அந்தப் பொம்மைகளை வைத்து நாளைக்கு ஒரு பார்க்கில் ராட்டினம் கட்டினால் யார் ஏறுவார்கள்? தியேட்டரில் கூட்டத்தோடு பார்த்து மனதில் ஒட்டியது பையாகிறது, பிறகு பார்க்கில் ஒரு சவாரியாகிறது. முதல் கண்ணியை அறுத்தால் மற்றதும் வராது.

இந்த முடிவுகள் நம் வீட்டு டிவி வரைக்கும் வந்ததை மறக்கக் கூடாது. ஃபாக்ஸை வாங்கியபோது கூடவே வந்ததுதான் ஸ்டார் இந்தியா, அதாவது நம் விஜய் டிவி. பிறகு அந்த வியாபாரத்தை 2024 நவம்பரில் ரிலையன்ஸோடு இணைத்துவிட்டார்கள். நாம் பாட்டுக்கு ராத்திரி சீரியல் பார்த்துக்கொண்டிருக்க, சேனல் சில வருடத்துக்குள் இரண்டு தடவை கைமாறிவிட்டது.

பார்க்குகளுக்குப் பத்து வருடத்தில் 6,000 கோடி டாலர் போடப் போவதாக 2023 செப்டம்பரில் சொல்லியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தத் திட்டத்தில் ஃபுளோரிடாவில் 1971-இல் இருந்து நீராவிப் படகு ஓடிய ஆற்றை 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள், அங்கேயும் கார்ஸ் படத்தின் பகுதி வருகிறது. காசு எதுவும் கேட்காமல் வயதானவர்கள் நிழலில் உட்கார்ந்திருந்த கரை அது. அதை இழந்ததைப் பற்றியும் எழுத வேண்டும்.

இனி அபுதாபி. அங்கே யாஸ் தீவில் ஃபெராரி வேர்ல்டு, வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டு, சீவேர்ல்டு எல்லாம் இருக்கின்றன, அவற்றுக்குப் பின்னால் இருக்கிற மிரால் கம்பெனிதான் டிஸ்னி பார்க்கையும் தன் பணத்தில் கட்டி நடத்தப் போகிறது. டிஸ்னி வடிவமைத்துக் கொடுத்து ராயல்டி வாங்கும், டோக்கியோ மாதிரி. அந்த வகையில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, செலவைப் பிடிக்கிற கை கலிபோர்னியாவில் இருக்காது. ஆனால் டிக்கெட் விலை யார் வைப்பார்கள், வரிசைக்குத் தனிக் காசு உண்டா, எந்தப் படங்களை வைத்துக் கட்டுவார்கள் என்பதெல்லாம் நம் பிள்ளைகள் போகிற இடத்தைப் பற்றிய கேள்விகள். வருடக்கணக்கில் லீவு சேர்த்து, குடும்பத்தை அழைத்துப் போகக் காசு ஒதுக்குகிற ஒரு கருங்கல்காரர், ஒரு குளச்சல்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை. உங்களுக்கு அமீரகத்தில் நிருபர் இருக்கிறார். அவரை மிரால் நிர்வாகத்திடமே இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லி, பதிலை வணிகப் பக்கத்தில் ஒளித்துவைக்காமல் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஒரு முழுப் பக்கமாகப் போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கடையில் ஒட்டிவைக்கிறேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற தாய்மார்கள் படிப்பார்கள்.

இப்படிக்கு,
பள்ளிப் பை, நோட்டுக் கடை வைத்திருக்கும் வாசகர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.