கேமரா மாட்டித் தரும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ரிச்சி தெருவில் சரக்கு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கண்காணிப்பு கேமரா மாட்டித் தரும் தோழர்களுக்கு வணக்கம்.

நானும் உங்களுக்குப் பக்கத்து வேலைக்காரன்தான். கடைகள், கிளினிக்குகள், சிறு அலுவலகங்களுக்கு நெட்வொர்க் பராமரிப்பது என் பிழைப்பு. கேமராப் படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டியான டிவிஆரை நீங்கள் மாட்டிவிட்டுப் போன பிறகு நெட் பக்கம் சிக்கல் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். வேலை முடித்து நீங்கள் கிளம்பும்போது அந்தக் கருவியின் பாஸ்வேர்டும், போன் செயலியில் அதற்கான கணக்கும் வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும். அவர் கையில் மட்டும்.

இணையத்தோடு இணைந்த கருவிகளைப் பற்றிப் பொருட்களின் இணையம் (ஐஓடி) என்று பத்திரிகைகளில் வரும்போது அது எங்கோ வெளிநாட்டு வீடுகளின் சமாச்சாரம் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் போகிற இடங்களில் அது உள்ளே நுழைவது பெரும்பாலும் கேமராவாகத்தான். அப்புறம் போனில் ஓடவிடும் போர் மோட்டார் ஸ்டார்ட்டர், ஸ்மார்ட் பிளக், வாசலில் மாட்டும் வீடியோ பெல். எல்லாவற்றுக்கும் உள்ளமைப்பு ஒன்றே. சுற்றிலும் நடப்பதை உணர ஒரு சென்சார், அதை வாங்கிக் கையாள ஒரு சின்னக் கணினி, வைஃபை அல்லது சிம் வழியே வெளியே போக ஒரு வழி, எங்கோ இருக்கும் கம்பெனி சர்வர், கடைசியில் நம் போனில் ஒரு செயலி. கேமராவுக்கு இதில் நீண்ட வரலாறே உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் காபி தீர்ந்துவிட்டதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க 1991-இல் ஒரு கேமரா வைத்தார்கள். 1993-இல் அதை வலையில் எல்லோரும் பார்க்கும்படி செய்தார்கள். அன்று தெரிந்தது காபிப் பாத்திரம் மட்டுமே. இன்று நீங்கள் மாட்டுவதில் குழந்தை தூங்கும் அறை தெரிகிறது, கல்லாப்பெட்டி தெரிகிறது, யார் எப்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்பதும் தெரிகிறது.

வாடிக்கையாளருக்குப் புரியாத இடம் அந்த நடு சர்வர்தான். துபாயில் இருக்கும் மகன் போனைத் திறந்தால் தஞ்சாவூர் வீட்டுத் திண்ணை தெரிகிறதே, எப்படி? வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர ரூட்டர் விடாது. அதனால் டிவிஆர் தானே வெளியே போய்க் கம்பெனி சர்வரோடு ஒரு தொடர்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. நீங்கள் ஸ்கேன் செய்யும் கியூஆர் கோடில் இருப்பது அந்தப் பெட்டியின் சீரியல் நம்பர். எந்தக் கணக்கிலிருந்து முதலில் ஸ்கேன் செய்கிறோமோ, அந்தக் கணக்கை சர்வர் உரிமையாளராகப் பதிந்துகொள்கிறது. மற்றவர்கள் எல்லாம் அவர் ஷேர் செய்தால் பார்ப்பவர்கள்.

இங்கேதான் தப்பு நடக்கிறது. அவசரத்தில், அல்லது வாடிக்கையாளர் போனில் இடம் இல்லை என்று, உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்து உங்கள் கணக்கில் சேர்த்துவிட்டு அவருக்கு ஷேர் கொடுத்துவிடுகிறீர்கள். படம் தெரிகிறது, பணம் வந்துவிடுகிறது, எல்லோருக்கும் திருப்தி.

ஒரு மருந்துக் கடையில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். அலமாரியின் மேல்தட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் டிவிஆர். அதன் நெற்றியிலேயே வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, கடைப் பெயரோடு 123 சேர்த்து மார்க்கரில் எழுதிய பாஸ்வேர்டு. மாத்திரை வாங்க வருகிற எவரும் நிமிர்ந்து பார்த்தால் படிக்கலாம். கடைக்காரர் புது போன் வாங்கியிருந்தார். செயலியைப் போட்டு ஸ்கேன் செய்தால், இந்தக் கருவி வேறொரு கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று வருகிறது. மாட்டிய தம்பியின் நம்பர் உபயோகத்தில் இல்லை. தொழிலை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாராம். ஆக, அந்தக் கடையின் உள்ளே நடப்பதை எங்கிருந்தும் பார்க்கும் முழு உரிமை கடைக்காரருக்கு இல்லை, எங்கோ இருக்கும் ஒரு பழைய போனுக்கு இருந்தது. அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கலாம், அந்தச் செயலியைத் திறந்தே பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த போன் தொலைந்தாலோ, யாருக்காவது விற்கப்பட்டாலோ? பூட்டு மாட்ட வந்த ஆசாரி ஒரு சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனால் நாம் சும்மா இருப்போமா?

அடுத்தது கம்பெனி வைத்துக் கொடுக்கும் பாஸ்வேர்டு. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் போன்ற தளங்கள் பல மணி நேரம் பலருக்குத் திறக்கவில்லை. தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் இணைய முகவரியைக் காட்டித் தரும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தின் சர்வர்கள் மேல் வந்து மோதிய போக்குவரத்தே காரணம். அதை அனுப்பியவற்றில் நீங்கள் மாட்டுவது போன்ற கேமராக்களும் டிவிஆர்களும் ஏராளம். மிராய் என்ற நிரல் அவற்றுக்குள் புகுந்திருந்தது. அது பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடி, 123456, 888888 மாதிரி கம்பெனிகள் வைத்து அனுப்பும் சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அதை எழுதியதாக 2017-இல் ஒப்புக்கொண்ட மூவரும் இருபது வயதை ஒட்டிய பையன்கள். மூல நிரலை வெளியே விட்டுவிட்டதால் அதன் வாரிசுகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மிராய், அது புகுந்த கருவியின் தற்காலிக நினைவில் மட்டும் தங்குவது. அணைத்துப் போட்டால் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடங்களிலேயே திரும்ப வந்துவிடும். கேமரா ஸ்லோவாக இருக்கிறது என்று கஸ்டமர் சொல்லும்போது ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு விடுவது ஏன் போதாது என்பது இதிலிருந்து தெரியும்.

அது எங்கோ நடந்தது என்று தோன்றினால், 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் நடந்ததைப் பாருங்கள். ஒரு மகப்பேறு மருத்துவமனையின் உள்ளே பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் கேமராவிலிருந்து திருடப்பட்டு டெலிகிராமில் விலைக்குப் போயின. மாற்றாமல் விட்ட எளிய பாஸ்வேர்டுதான் வழிவிட்டது என்று விசாரணையில் தெரிந்ததாகச் செய்திகள் வந்தன. பரிசோதனை அறையில் கேமரா எதற்கு என்ற கேள்வியும் உண்டு. அதையும் நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். ஏணியில் ஏறி, கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று திருப்பி வைப்பவர் நீங்கள்தான். உடை மாற்றும் அறை, பரிசோதனைக் கட்டில், பக்கத்து வீட்டு ஜன்னல் என்று எங்காவது திருப்பச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள்.

சட்டம் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாக் கருவிக்கும் ஒரே பொது பாஸ்வேர்டு வைத்து விற்கத் தடை. நம் மத்திய அரசும் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் அவை புதிய சரக்குக்கு. ஏற்கெனவே சுவரில் தொங்குவதை டெல்லியிலிருந்து வந்து யாரும் மாற்றப் போவதில்லை. அதோடு, எந்த ஆய்வகம் சான்றிதழ் கொடுத்தாலும், மாட்டுகிறவர் எல்லா இடத்துக்கும் தன் போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்தால் சான்றிதழ் என்ன செய்யும்?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பாஸ்வேர்டைக் கொடுத்தால் கஸ்டமர் மறந்துவிடுவார். ரீசெட் செய்யக் கம்பெனிக்கு சீரியல் நம்பர் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அந்த அலைச்சலுக்குக் காசும் கிடைக்காது, திட்டுதான் கிடைக்கும். அதற்கு வழி, தொடக்கத்திலேயே அவருடைய மின்னஞ்சலையும் போன் நம்பரையும் மீட்புக்காகப் பதிந்துவிடுவது. பாஸ்வேர்டை அவரையே தட்டச் சொல்லுங்கள், அவருடைய நோட்டில் அவரே எழுதிக்கொள்ளட்டும். ஸ்கேன் அவருடைய போனில், அவருடைய கணக்கில் நடக்கட்டும். பராமரிப்புக்காக நீங்கள் பார்க்க வேண்டுமென்றால் அவர் உங்களுக்கு ஷேர் கொடுக்கட்டும், வேலை முடிந்ததும் அவரே நீக்கட்டும். ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, அதாவது வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழி திறந்துவிட்டு, டிவிஆரை நேராக இணையத்தில் திறந்து வைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். சர்வர் வழியே படம் வரும்போது அது பெரும்பாலான இடங்களில் தேவையே இல்லை. கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பு வந்திருந்தால் அங்கேயே போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும். அதைச் சும்மா செய்யச் சொல்லவில்லை. பில்லில் கேபிள், ஹார்டு டிஸ்க், கூலி என்று எழுதும்போது பாதுகாப்பு அமைப்பு என்று தனி வரி போட்டுப் பணம் வாங்குங்கள். ஏன் என்று கேட்பவருக்கு மேலே சொன்ன ராஜ்கோட் செய்தியைச் சொன்னால் போதும், மறுக்க மாட்டார்.

ஏற்கெனவே மாட்டியவற்றுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று இரவு உங்கள் போனில் அந்தச் செயலியைத் திறந்து பட்டியலைக் கீழே வரை தள்ளிப் பாருங்கள். இன்னும் உங்கள் கணக்கில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் போன் போட்டு, அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) இருக்கும் இடங்களை அடுத்த விசிட்டில் முடித்துவிடலாம். ரூட்டர் பக்கம் உதவி தேவைப்பட்டால் என் போன்ற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறோம், தயங்காமல் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சக தொழிலாளி